சோதனையும் சோதினையும்

வட இலங்கைத் தமிழர் பேச்சு வழக்கிற் பரீட்சைக்குச் 'சோதினை' என்று பெயர். 'சோதினை எடுத்தான்', 'சோதினைக்குப் படிக்கிறாள்' என்பன வீட்டு வழக்குகள். சோதனை என்னுஞ் சொல்லே இவ்வாறு திரிந்து வழங்குகின்றது. சோதனையாவது ஒன்றன் மெய்ம்மையை ஆராய்ந்து காண்டல். பொன்னைக் கல்லில் உரைத்துப் பார்த்தலும் சோதனை. மனிதருக்கு நேரும் இடுக்கணுஞ் சோதனை. ஆய்கூடத்திற் செய்யப்படுவது பரிசோதனை. இவ்வாறு ஒரு வேரினின்றும் கிளைத்த சொற்களுள், பள்ளி மாணாக்கர் விஞ்ஞானம் பயிலுமிடத்து, சோதினை மாத்திரம் தழைத்துச் சோதனை பட்டுப்போயிற்று. இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று, இதனால் விளையுங் கேடு யாது, இதனைத் திருத்தல் கூடுமா என்பன ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்கு ஓமந்தை பொருத்தமான களமாகும். வவுனியாவுக்கு வடக்கே, கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையில், வயலும் குளமுங் காடுஞ் சூழ அமைந்த இவ்வூரின் பெயரை உலகெங்குஞ் சிதறிய ஈழத் தமிழர் ஒரு சோதனைச் சாவடியின் பெயராகவே அறிவர். 1997 மே மாதத்தில் தொடங்கிய 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கையின் முதற் களங்களுள் ஒன்றாயிருந்த ஓமந்தை, 1999 நவம்பரில் மீண்டுங் கைமாறியது. 2002இற் போர்நிறுத்த உடன்படிக்கையின்பின் நெடுஞ்சாலை திறக்கப்பட்டபொழுது, வன்னிக்குட் புகுவோரும் வெளியேறுவோரும் பொதிகளை அவிழ்த்துக் காட்டி நின்ற இடம் இதுவே. 2009இற் போரின் இறுதி நாள்களில் வன்னி மக்கள் பல்லாயிரவர் இவ்வழியாகவே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2011இற் புகைவண்டி மீண்டும் ஓமந்தைவரை வந்தது. 2015இற் சோதனைச் சாவடி அகற்றப்பட்டது. சாவடி நீங்கிய பின்னரும், இவ்வூர்ப் பிள்ளைகளின் முன்னே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை, உயர்தரப் பரீட்சை என்னும் இரண்டு சாவடிகள் நிற்கின்றன. நெல்லும் உழுந்தும் பயிரிட்டு மழையை நம்பி வாழுங் குடும்பங்களுக்கு இவற்றைக் கடத்தல் விளையாட்டன்று. ஒரு தலைமுறையின் வாழ்வு மாறுதற்கு உரிய வழி அதுவே.

சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சையின் அமைப்பு யாவரும் அறிந்ததே. முதல் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள் உள; இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்களுங் கட்டுரை வினாக்களும் உள. செய்முறைக்கென்று தனியான பரீட்சை இல்லை. ஆயினும் செய்முறை வினாத்தாளில் இல்லாமற் போகவில்லை. பரிசோதனை ஒன்றன் படத்தைத் தந்து, அவதானிப்பு யாது, இப்படிமுறை எதற்கு, இந்த வரைபின் படித்திறன் எதனைக் குறிக்கும் என்று வினாவுதல் வழக்கம். உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியோ பெரும்பாலும் ஆய்கூட வேலையையே கடதாசியில் வினாவுவது. ஆய்கூடத்துக்கு மாணாக்கரை அழைத்துச் சென்று சோதிக்க இயலாத நிலையில், செய்தவருக்கே நன்கு விளங்கும் வினாக்களைக் கேட்டுச் செய்முறையை நிலைநிறுத்தலாம் என்பதே வினாத்தாள் ஆக்கியோரின் கருத்தாயிருத்தல் வேண்டும்.

இக்கருத்தைத் தோற்கடித்தது ஒரு தனி எழுத்துவகை. அதற்கு 'மாதிரி விடை' என்று பெயர். கடந்தகால வினாத்தாள்களின் விடைத் தொகுப்பு, மாலை வகுப்புக் குறிப்பு, பரீட்சைக்கு முந்திய கருத்தரங்குகளில் வழங்கப்படும் பிரதி எனப் பல வடிவங்களில் இது வழங்குகின்றது. கவிதையையும் நாவலையும் மதிப்பிடுவோர் இதனை இலக்கியமாக எண்ணி ஆராய்வதில்லை. ஆனால் தமிழ் மாணாக்கர் தம் பதினாறாம் வயதிற் கவிதையினும் நாவலினும் மிகுதியாகப் படிப்பது இதுவேயாதலின், இதன் நடையையும் உண்மையையும் மதிப்பிடுதல் திறனாய்வின் கடமையாகும்.

மாதிரி விடையின் நடையை நோக்குக. அது செயப்பாட்டு வினையால் ஆயது. 'இலை எடுக்கப்பட்டது', 'அயடீன் இடப்பட்டது', 'கருநீல நிறம் அவதானிக்கப்பட்டது' என்று செல்லும். விஞ்ஞான நடைக்குச் செயப்பாட்டு வினை குற்றமன்று. செய்தவரினுஞ் செய்கையே முதன்மை பெறவேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் இங்கே எழுவாய் மறைவதன் காரணம் வேறு. இலையை எடுத்தவர் ஒருவரும் இலர். அயடீனை இட்டவரும் இலர். நிறத்தைக் கண்டவரும் இலர். எந்த மரத்தின் இலை, எந்த நாள், வெயிலா மழையா என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததுபோலக் கூறுவதே இவ்வெழுத்தின் இலக்கணமாயிற்று.

ஒளித்தொகுப்புப் பரிசோதனை இதற்கு நல்ல உதாரணம். செடியை 48 மணி நேரம் இருளில் வைத்து, இலையிலுள்ள மாப்பொருளை நீக்கி, இலையின் ஒரு பகுதியைக் கறுப்புக் கடதாசியால் மறைத்து வெயிலில் விட்டு, பின்னர் இலையை நீரிற் கொதிக்கவைத்து, அற்ககோலில் இட்டுப் பச்சையத்தைக் கரைத்து, கழுவி, அயடீனால் சோதித்தல் அதன் முறை. மாதிரி விடையைப் பாடமாக்கிய மாணவி இதனை ஒரு பிழையுமின்றி எழுதுவாள். ஒருமுறை செய்து பார்த்தவளோ வேறு சிலவற்றையும் அறிவாள். அற்ககோலை நேரே தீயிற் காட்டாது வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்துச் சூடாக்குவது அது தீப்பற்றும் என்னும் அச்சத்தால் என்பதை அவள் மணத்தாலேயே உணர்ந்திருப்பாள். அற்ககோலினின்றும் எடுத்த இலை மடக்கின் ஒடியும் என்பதையும், வெந்நீரிற் கழுவியபின்னரே இளகும் என்பதையும் அவள் விரல்கள் அறியும். கருநீலம் இலை முழுதும் ஒரே சீராகப் பரவாது திட்டுத் திட்டாய்த் தோன்றக் கண்டு ஐயுற்றிருப்பாள். அவளே செவ்வரத்தை இலைக்குப் பதிலாக வெங்காயத் தாளை எடுத்திருப்பாளாயின், மாப்பொருள் தோன்றாமை கண்டு திகைத்திருப்பாள். வெங்காயம் தன் இலையில் உணவை மாப்பொருளாகவன்றிப் பெரும்பாலும் வெல்லமாகவே வைத்திருக்கும் என்னும் உண்மைக்கு அத்திகைப்பே வாயிலாகும். மாதிரி விடையில் திகைப்புக்கு இடமில்லை; ஆதலின் அதிற் கல்விக்கும் இடங்குறைவு.

இக்குறையை மேனாட்டுக் கல்வியாளர் கூற்றுகளைக்கொண்டு விளக்கவேண்டுவதில்லை. சைவ சித்தாந்தம் பயில்வார் நன்கறிந்த அளவையியலே போதும். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பொருள்களைக் கூறப்புகுமுன் அவற்றை அறியுங் கருவிகளாகிய அளவைகளைக் கூறும். பலவாக எண்ணப்படும் அளவைகள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அந்நூற் கொள்கை. ஐயமுந் திரிபுமின்றி நேரே அறிதல் காட்சி. புகை கண்டு நெருப்புண்டெனத் துணிதல்போலக் கண்டதைக்கொண்டு காணாததை அறிதல் கருதல். நம்பத்தகுந்த கூற்றால் அறிதல் உரை. இம்மூன்றும் அளவைகளே. உரையளவையை இகழ்தல் பொருந்தாது. அணுவின் கருவையோ பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தையோ பள்ளி மாணாக்கர் உரையால் அன்றி அறிதற்கு வழியில்லை. மனனஞ் செய்தலும் அத்துணை இழிவன்று. வாய்பாடும் மூலகங்களின் குறியீடும் மனனத்தாலேயே கைவரும். குற்றம் யாதெனில், உரையால் அறிந்ததைக் காட்சியால் அறிந்ததாக எழுதுதல். 'இவ்வாறு நிகழும் என்று நூல் கூறுகின்றது' என்பது மெய். காணாத ஒருவர் 'அவதானிக்கப்பட்டது' என்று எழுதுதல் பொய்ச்சான்று. விஞ்ஞான பாடத்தின் வாயிலாகவே பொய்ச்சான்று கூறப் பழகுதல் வியப்பிற்கும் வருத்தத்திற்கும் உரியது.

இது மிகத் தெளிவாய்ப் புலப்படுமிடம் வரைபு. வரைபென்பது எண்களைக் கண்ணாற் காணச்செய்யும் ஓர் உபாயம். மாற்றப்படும் கணியம் கிடையச்சிலும், அதனைச் சார்ந்து மாறுவது நிலைக்குத்தச்சிலும் அமைதல் வழக்கு. அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இடல், தாளின் பெரும்பகுதி நிரம்புமாறு அளவிடை தெரிதல், புள்ளிகளைக் கூரிய பென்சிலாற் குறித்தல், புள்ளிகள் கோட்டின் இருமருங்கும் ஏறத்தாழச் சமமாய் அமையுமாறு சிறந்த கோட்டை வரைதல், படித்திறனைக் காணும்போது அளந்த புள்ளிகளையன்றிக் கோட்டின்மேல் நெடுந்தூரம் விலகிய இரண்டு புள்ளிகளை எடுத்தல் என்னும் விதிகளை ஆசிரியர் யாவருங் கற்பிப்பர். இவ்விதிகள் ஒவ்வொன்றுக்குங் காரணம் ஒன்றே. அளவீட்டிற் பிழை உண்டு. அப்பிழையை மறையாது ஏற்றுக்கொண்டு, அதனூடே உண்மையைத் தேடவேண்டும் என்பதே அது. சிறந்த கோடு என்பதே புள்ளிகள் சிதறும் என்பதை ஒப்புக்கொண்ட பெயர். புள்ளிகள் சிதறாவிடத்துச் சிறந்த கோட்டுக்குத் தேவையில்லை. அடிமட்டம் ஒன்றே போதும்.

இரண்டு செய்முறைக் கொப்பிகளை எண்ணிப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரு சுருளிவில்லிற் சுமைகளைத் தூக்கி நீட்சியை அளந்த பதிவு உள்ளதெனக் கொள்க. முதற் கொப்பியில் 50, 100, 150, 200, 250, 300 கிராம் சுமைகளுக்கு நீட்சி முறையே 1.0, 2.0, 3.0, 4.0, 5.0, 6.0 சென்ரிமீற்றர். இரண்டாங் கொப்பியில் அவை 1.1, 2.0, 3.2, 4.0, 5.1, 6.6 சென்ரிமீற்றர். முதற் கொப்பியின் வரைபு அழகியது. எல்லாப் புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் நிற்கின்றன. திருத்துவோர் பலர் அதற்கே முழுப்புள்ளி வழங்குவர். ஆனால் ஆராய்ந்து நோக்குவார்க்கு இரண்டாவதே உயர்ந்தது. முதல் ஐந்து புள்ளிகளுஞ் சிறிது சிதறினும் உற்பத்தியூடாகச் செல்லும் ஒரு கோட்டைத் தழுவி நின்று, ஒரு நியூற்றனுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீட்சி என்பதைக் காட்டுகின்றன. ஆறாம் புள்ளியோ கோட்டை விட்டு மேலெழுகின்றது. அளந்தவர் தவறாக வாசித்தாரா, அன்றி வில் தன் விகிதசம எல்லையைக் கடந்துவிட்டதா? சுமையை நீக்கி மீண்டும் அளந்தாலன்றி விடை கிடையாது. றொபேட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்த ஒரு புள்ளி கற்பிக்கின்றது. முதற் கொப்பி அவ்விதியைத் திருப்பிச் சொல்லுகின்றது; இரண்டாவது அதனோடு உரையாடுகின்றது.

உற்பத்தியூடாகச் செல்லாத கோடும் அவ்வாறே. நூலிற் கட்டிய கல்லை ஊசலாக்கி, 20 அலைவுகளுக்குரிய நேரத்தை எடுத்து, அலைவுகாலத்தின் வர்க்கத்தை நூலின் நீளத்துக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு வரும். நீளத்தைக் கல்லின் மையம்வரை அளக்காமல் முடிச்சுவரை அளந்த மாணவனின் கோடு உற்பத்தியிற் செல்லாது. நிலைக்குத்தச்சைச் சிறிது மேலே வெட்டும். மாதிரி விடையை நம்பியவன் அழிப்பானை எடுத்துக் கோட்டை உற்பத்திக்கு இழுத்துவிடுவான். தன் அளவீட்டை நம்பியவன் அக்கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அது கிடையச்சை வெட்டுமிடத்தைக் காண்பான். உற்பத்தியிலிருந்து அவ்விடம்வரையுள்ள தூரமே முடிச்சுக்கும் கல்லின் மையத்துக்கும் இடையிலுள்ள நீளம். பிழையென்று கருதி அழிக்கப்பட்டதே விடையாயிருந்தது. இழை மின்குமிழிற் பாயும் மின்னோட்டத்தை அழுத்த வித்தியாசத்துக்கு எதிராகக் குறித்தால், இழை சூடேறித் தடை கூடுதலால் வளைகோடு வரும்; பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பிலிருந்து வெட்டிய இறப்பர்ப் பட்டியைச் சுமையால் நீட்டினாலும் வளைகோடே வரும். 'நேர்கோடு, உற்பத்தியூடாகச் செல்லும்' என்று பாடமாக்கிய கை இவ்விரண்டையும் நேராக்கிவிடும். அவ்வாறு நேராக்கப்பட்டது வரைபு மாத்திரமன்று. கண்ணும் அதனோடு கட்டப்பட்டது.

இவ்வளவையுங் கூறி ஆசிரியரையும் மாணாக்கரையுங் குற்றவாளிகளாக்குதல் முறையன்று. வன்னியில் இப்பழக்கம் சோம்பலாற் பிறந்ததன்று. 1990களில் வவுனியாவுக்கு வடக்கே பொருளாதாரத் தடை நிலவியபொழுது மின்கலம், மண்ணெண்ணெய் முதலியன கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. மின்கலமின்றி ஓமின் விதியை எவ்வாறு செய்து காட்டுவது? பள்ளிக்கூடமே மரநிழலுக்கு இடம்பெயர்ந்த காலத்தில் ஆய்கூடம் ஏது? அந்நாளிற் கரும்பலகையிற் படம் வரைந்து, 'இதனைச் செய்ததாக எண்ணி எழுதுங்கள்' என்று கூறிய ஆசிரியர் தம்மால் இயன்ற ஒரே வழியாற் பிள்ளைகளைச் சோதினைக்கு அனுப்பினார். 2009 ஓகஸ்டில், போர் முடிந்து மூன்று மாதங்களுள், முகாம்களில் அடைபட்டிருந்த மாணாக்கர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர் என்பது இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் மறக்கத்தகாத செய்தி. அவர்களுக்கு மாதிரி விடை பொய்ச்சான்றன்று. வெள்ளத்திற் கிடைத்த தெப்பம்.

ஆயின் இங்கே ஒரு முரண்பாடு சிந்திக்கத்தக்கது. பரிசோதனையைக் கடதாசியில் மாத்திரம் எழுதிய அதே காலத்தில், அதே மக்கள் தம் அன்றாட வாழ்விற் பரிசோதனை செய்தே உயிர்வாழ்ந்தனர். துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். சுழற்சி தளர்ந்தால் ஒலி தளர்வதையும், வேகங் கூடின் மின் கூடுவதையும் சிறுவரும் அறிந்திருந்தனர். ஜாம் போத்தலிற் சிறிதளவு மண்ணெண்ணெயைச் சிக்கனமாய் எரிக்கும் விளக்கை அமைத்து, அவ்வொளியிற் பாடம் படித்தனர். திரியின் பருமனும் காற்றின் வரவும் சுடரை எவ்வாறு மாற்றும் என்பதைச் செய்து செய்தே கண்டனர். பரடே 1831இற் கண்ட மின்காந்தத் தூண்டல் முற்றத்திற் சுழன்றது. அதனை இயக்கிய சிறுவனோ கொப்பியில் 'காந்தம் அசைக்கப்பட்டது, திறமல் அவதானிக்கப்பட்டது' என்று பிறர் வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தான். தான் கண்டது விஞ்ஞானம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லாமை அன்று ஆய்கூடத்தை மாத்திரமே பறித்தது. கண்டதைக் கண்டபடி எழுதும் உரிமையைப் பறித்தது மாதிரி விடையே.

இப்பொழுது நிலைமை மாறியுள்ளது. சாலை திறந்து புகைவண்டி ஓடுகின்றது. மின்கலம் கடையிற் கிடைக்கின்றது. ஆனால் தெப்பத்தாற் கரையேறியவர் அதனைத் தலையிற் சுமந்து நடப்பதுபோல, வறுமைக்கு மருந்தாய் வந்தது வளம் வந்தபின்னும் வழக்கமாய் நிலைத்துவிட்டது. ஆய்கூடமுள்ள பாடசாலைகளிலும் அலுமாரி பூட்டியே கிடக்கலாம். திறப்பு இருந்தும் நேரமில்லை, பாடத்திட்டம் முடியவில்லை, பரீட்சை நெருங்கிவிட்டது என்பன விடைகள்.

இது வறிய நாட்டுக்கோ போர் கண்ட நாட்டுக்கோ மாத்திரம் உரிய நோயுமன்று. பௌதிகவியலுக்கான நோபெல் பரிசை 1965இற் பெற்ற அமெரிக்க அறிஞர் றிச்சாட் பைன்மன், 1950களின் தொடக்கத்திற் பிரேசில் நாட்டிற் கற்பித்தபொழுது கண்டதை 1985இல் வெளிவந்த தம் நினைவு நூலிற் கூறியுள்ளார். அங்கு மாணாக்கர் ஒளியின் முனைவாக்கம் பற்றிய வரைவிலக்கணங்களை ஒப்புவித்தனர். ஆனால் சாளரத்துக்கு வெளியே கடல்நீரிற் றெறித்த ஒளிக்கும் அவ்வரைவிலக்கணத்துக்கும் உள்ள தொடர்பை அவர்களால் உணரக்கூடவில்லை. பாடநூலில் ஒரு சொல்லுக்குப் பொருளாக இன்னொரு சொல்லே நின்றதென்பதும், இருட்டறையிற் சீனிக்கட்டியை நசுக்கிப் பார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதுவே விஞ்ஞானமாயிருக்கும் என்பதும் அவர் கூறிய குறைகள். பிரேசிலிற் கடல் சாளரத்தின் வெளியே இருந்தது. வன்னியில் டைனமோ முற்றத்திற் சுழன்றது. இரண்டிடத்தும் நூலுக்கும் உலகுக்கும் இடையே வாயில் அடைபட்டிருந்தது.

குறை தமிழின்மேற் சுமத்தத்தக்கதா எனின், அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே வைத்திய மாணாக்கரைப் பயிற்றினார். அவருடைய முயற்சியால் உடற்கூறு, சத்திரவைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் எழுந்தன. இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. நோயாளியின் உடலைக் கண்டும் தொட்டும் அறிந்து, அறிந்ததைத் தமிழிற் கூறிய மருத்துவர் அக்காலத்திலேயே இருந்தனர். பின்னர் 1950களிலும் 1960களிலும் இலங்கையில் விஞ்ஞான பாடம் தாய்மொழிக்கு மாறியபொழுது, அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆர்முடுகல், படித்திறன், அமுக்கம் முதலிய சொற்கள் இன்றும் இந்நாட்டு வகுப்பறைகளில் உயிரோடுள்ளன. தமிழ்நாட்டு நூல்கள் இவற்றை முறையே முடுக்கம், சாய்வு, அழுத்தம் என்று வழங்கும். அழுத்தம் என்னுஞ் சொல் இலங்கையில் மின்னழுத்தத்துக்கு உரியதாகலின், இருநாட்டு நூல்களையுங் கலந்து படிக்கும் மாணாக்கர் சிறிது மயங்குதல் உண்டு. அம்மயக்கத்தைத் தீர்ப்பதும் அகராதி அன்று, அனுபவமே. ஓமந்தையிலிருந்து புறப்படும் பேருந்தில் உடல் பின்னே சாய்வதை உணர்ந்து, இதுவே ஆர்முடுகல் என்று அறிந்தவருக்கு அதனை எப்பெயரால் அழைத்தாலும் பொருள் தவறாது.

ஆகவே பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தலில் ஒரு சிறு மாற்றமே வேண்டற்பாலது. மாதிரி விடையை எரிக்கவேண்டுவதில்லை. அதன் இடத்தை மாற்றினாற் போதும். செய்தபின் ஒப்புநோக்குவதற்கு அது உதவட்டும். செய்வதற்கு ஈடாக நில்லாதிருக்கட்டும். பத்தாம் வகுப்பிலிருந்து இரு வாரத்துக்கு ஒன்றாகப் பரிசோதனைகளைச் செய்துவரின், பரீட்சைக்கு முன் முதன்மையானவை யாவும் முடிந்துவிடும். விலையுயர்ந்த கருவி எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. ஒரு மில்லிலீற்றர் நீர் ஏறத்தாழ ஒரு கிராம் ஆதலின், மருந்தேற்றும் சிரிஞ்சினால் அளந்து வெற்றுப் போத்தலில் விட்ட நீரே படிக்கல்லாகும். வெந்நீரை மட்பானையில் ஒரு பங்கும் அலுமினியப் பாத்திரத்தில் ஒரு பங்கும் விட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியை வாசித்தால் இரண்டு குளிரல் வளைகோடுகள் ஒரே தாளில் அமையும். அவை ஏன் வேறுபடுகின்றன என்பது ஒரு பாடவேளைக்குரிய விவாதம். மழைக்காலத்திற் பள்ளி முற்றத்தில் வைத்த ஒரு மழைமானியும், குளக்கட்டில் நட்ட ஓர் அளவுகோலும் ஆண்டு முழுதும் வரைபுக்கு எண்கள் தரும். வடகீழ்ப் பருவமழையையும் அதன்பின் வரும் நெடுங்கோடையையும் அறிந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவ்வரைபை வாசித்தல் புதிதன்று.

இதனினும் முதன்மையானது கொப்பியைத் திருத்தும் முறை. செய்முறைக் கொப்பியில் நாளும் நேரமும் எழுதப்படல் வேண்டும். எடுத்த வாசிப்பு அழிக்கப்படாது, ஒரு கோட்டால் வெட்டப்பட்டு, அருகே திருத்தம் எழுதப்படல் வேண்டும். எதிர்பார்த்தது வராவிடின் 'வரவில்லை' என்று எழுதி, வராமைக்குக் காரணமாகத் தோன்றுவதைக் கூறும் மாணாக்கருக்கு, வந்ததாகப் பொய்யெழுதியவருக்கு வழங்குவதினும் மிகுந்த புள்ளி வழங்கப்படல் வேண்டும். வகுப்பில் எல்லோருடைய வாசிப்பும் ஒன்றேபோல் இருந்தால் ஆசிரியர் மகிழாது ஐயுறல் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

இவ்வாறு செய்தாற் பரீட்சைப் பெறுபேறு குறையுமோ என்று பெற்றோர் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சத்தைப் புறக்கணித்தல் தகாது. இவ்வூர்ப் பிள்ளைக்கு ஒரு பாடத்திற் சித்தியின்மை எத்துணைப் பெரிய இழப்பென்பதை நகரத்தார் முற்றும் அறியார். ஆனால் படத்தைச் சிறிது மாற்றி, கருவியைச் சிறிது திரித்து, 'இப்படிமுறை ஏன்' என்று வினாத்தாள் கேட்குமிடத்து, பாடமாக்கியவர் தயங்குவர், செய்தவர் தயங்கார். வினாத்தாளுக்குப் பொருத்தமான ஆயத்தமும் நேர்மையான ஆயத்தமும் இரண்டல்ல. புத்தகக் கடையில் விற்கப்படும் குறுக்குவழியே உண்மையில் நெடுவழி.

பெறுபேற்றுக்கு அப்பாலும் ஒன்று உண்டு. வவுனியா மாவட்டமும் அதன் தெற்கேயுள்ள வடமத்திய மாகாணமும் காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் வருந்தும் நிலப்பகுதிகள். கிணற்று நீரின் தன்மையும் அந்நோயும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை அறிஞர் ஆராய்ந்துவருகின்றனர். கிணறு தோறும் நீரெடுத்து அளப்பவர், அளந்ததைக் குறிப்பவர், குறித்ததை வரைபாக்குபவர் இம்மண்ணின் பிள்ளைகளாய் இருத்தல் கூடும். அன்று ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நிற்கும்பொழுது, அப்புள்ளியை அழிப்பதா, மீண்டும் அளந்து பார்ப்பதா என்பதை அவர் பத்தாம் வகுப்பிற் பெற்ற பழக்கமே தீர்மானிக்கும். அந்த ஒரு புள்ளி ஒரு குடும்பம் நீரள்ளும் கிணறாயிருக்கலாம்.

ஓமந்தையிற் சாவடி நின்ற காலத்தில் மனிதர் சோதிக்கப்பட்டனர். தாம் ஒன்றையுஞ் சோதிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று அவ்விடத்தாற் பிள்ளைகள் கொப்பியுடன் தடையின்றிப் பள்ளிக்குச் செல்கின்றனர். சோதினைக்கு அவர்கள் போகத்தான் வேண்டும். அதற்குமுன் ஒரு சுருளிவில்லையோ ஓர் இலையையோ தம் கையாற் சோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டுப் போவார்களாயின், பேச்சு வழக்கிற் பிரிந்த இரண்டு சொற்களும் மீண்டும் ஒன்றாகும்.